தேனீக்காக ஒரு தோட்டம், தேனீ குடியேறிய ஒரு சிலை

மனிதரை மையத்திலிருந்து நகர்த்திவிட்டு, பூச்சியின் பக்கம் நின்று படைக்க முயலும் கலைக்கு இரண்டு எடுத்துக்காட்டுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

பிரெஞ்சுக் கலைஞர் பியர் ஹ்யூக், 2012இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த டாக்குமென்டா என்னும் சமகாலக் கலைக் கண்காட்சிக்காக, கார்ல்ஸாவு பூங்காவில் இலைதழைகளை மக்கவைக்கும் இடத்தையே தன் களமாகக் கொண்டார். அங்கே படுத்திருந்த பெண் சிலையின் தலை உயிருள்ள தேன்கூடாக இருந்தது. ஒரு கால் இளஞ்சிவப்பாகச் சாயமிடப்பட்ட வெள்ளை நாய் சுற்றித் திரிந்தது.

பிரிட்டிஷ் கலைஞர் அலெக்ஸாண்ட்ரா டெய்சி கின்ஸ்பெர்க்கின் 'பாலினேட்டர் பாத்மேக்கர்' வேறு வழியில் செல்கிறது. இங்கிலாந்தின் கார்ன்வாலில் உள்ள ஈடன் ப்ராஜெக்ட் என்னும் தாவரத் தோட்ட வளாகத்தில் 2021இல் நடப்பட்ட இத்தோட்டத்தில், எந்தச் செடி எங்கே வரவேண்டும் என்பதை நம் கண்ணுக்கு இதமான வண்ணப் பொருத்தம் அல்ல, முடிந்தவரை அதிக வகை மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகளுக்கு உணவளிக்கும் நோக்கில் எழுதப்பட்ட கணினி நிரல் தீர்மானிக்கிறது. தேனீக்களின் கண் சிவப்பை நம்மைப்போல் காணாது, ஆனால் நமக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரைக் காணும் என்பதால், நமக்குச் சற்றே ஒழுங்கற்றதாகத் தோன்றும் பாத்தியை அவை வேறாகவே காண்கின்றன. இணையத்தில் இந்நிரலைக் கொண்டு யாரும் தம் நிலத்துக்குரிய வடிவமைப்பை உருவாக்கிக்கொள்ளலாம்.

ஹ்யூக்கின் காட்சி மனத்தை விட்டு அகலாதது. ஆயினும் அங்கே தேனீ ஒரு சிற்பத்தின் உறுப்பாகவும் நிற்கிறது. பூச்சிக்கு எது பயன் என்று கேட்டால், என் வாக்கு கின்ஸ்பெர்க்குக்கே, அந்த நிரலை எழுதியதும் மனிதர்தாம் என்ற முரண் இருந்தபோதிலும்.