"வளவு திருத்தித் தருகிறோம்" என்று வருபவர்கள்: வன்னி உறவுகள் கவனம்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பெரிய வளவு வைத்திருப்பவர்களும், ஊரில் உள்ள வளவை வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பித் திருத்துகிறவர்களும் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். பற்றை வெட்டி, மட்டம் போட்டு, நல்ல மண் பரவி, ஒட்டு மாங்கன்றும் தென்னம்பிள்ளையும் வைத்து முழுசாகக் கையில் தருகிறோம் என்று மொத்தமாக ஒரு விலை பேசிக்கொண்டு சிலர் திரிகிறார்கள். போன ஆவணியில் அப்படி ஒருவர் எங்கள் வளவுக்கும் வந்தார். அவர் போன பிறகு எங்களுக்கு மிஞ்சியது கிரவல் தரையும் பார்த்தீனியம் என்ற களைப்பூண்டும்தான்.

எங்கள் வளவு ஒன்றரை ஏக்கர், இரணைமடுக் குளத்து வாய்க்கால் ஓடும் பக்கம். யுத்தம் முடிந்து 2010இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, தென்னைகளுக்கு வட்டு இல்லை. கண்ணிவெடி எடுத்தவர்கள் சிவப்புத் தடிகளைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகுதான் பின்வளவுக்குள் கால் வைத்தோம். அன்றிலிருந்து அம்மா ஒரு சருகைக்கூட எரிக்க விட்டதில்லை. வேம்பு, பூவரசு, வேலியில் நிற்கும் கிளிசெரியா என்று விழுந்த இலை, வெட்டிய குழை எல்லாம் மர அடிக்குத்தான் போனது. கோடையில் தெரிந்த ஐயா ஒருவர் தன் மாடுகளைக் கொண்டுவந்து இரவில் பட்டி அடைப்பார். இடம் மாற்றி மாற்றி அடைத்ததில் பின்வளவு முழுக்க எரு விழுந்தது. அங்கே மண்வெட்டியைப் போட்டால் மேலே நாலு அங்குலம் கறுப்பாக, பொலபொலவென்று, மண்புழுவோடு வரும். அதற்குக் கீழே அலவாங்கு போட்டுக் கிண்ட வேண்டிய இறுகின செம்மண். அந்த நாலு அங்குலம் அம்மாவின் பத்து வருச உழைப்பு.

அம்மாவுக்கு இப்போது குனிய ஏலாது. நான் வேலைக்குப் போகிறவள். அதனால் கனடாவில் இருக்கும் அண்ணா ஆள் பிடித்துச் செய்விப்போம் என்றார். வந்தவர் நல்ல மரியாதையாகக் கதைத்தார். கையில் முன்பு செய்த வளவுகளின் படங்கள் வைத்திருந்தார். மண்ணை விரலால் தோண்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது செத்த மண். இதைச் சுரண்டி எடுத்துப்போட்டுப் புது மண் போட்டாத்தான் கண்டு வேர் பிடிக்கும். கழிவு மண் ஏத்திற கூலி உங்களிட்ட எடுக்கேல்ல, அது எங்கட செலவு" என்றார். அம்மா உடனே, "தம்பி, இந்த மண்ணுக்கு என்ன குறை?" என்று கேட்டா. அவர் பதில் சொல்லாமல் சிரித்துவிட்டு அண்ணாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தார். அரை ஏக்கர் பின்வளவுக்கு ஆறு இலட்சம் ரூபா பேசி, பாதி முற்பணமாகப் போனது.

அந்த "எங்கட செலவு" என்ற சொல்லை யாராவது சொன்னால் அங்கேயே வேலையை நிறுத்துங்கள். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். ஒரு கியூப் என்பது 100 கன அடி. அரை ஏக்கர் 21,780 சதுர அடி. அதில் நாலு அங்குலம் சுரண்டினால் 7,260 கன அடி, அதாவது 72 கியூபுக்கு மேல் மண். பெக்கோ சுரண்ட, டிப்பர்கள் வரிசையாக வந்து ஏற்றிக்கொண்டு போயின. எங்கே போகிறது என்று அம்மா கேட்டபோது "பள்ளத்தில கொட்டுறம்" என்றார்களாம். உறவுக்காரத் தம்பி ஒருவர் அதே டிப்பர்களை அடுத்த கிராமத்தில் புதிதாக வீடு கட்டும் வளவொன்றில் கண்டார். அங்கே எங்கள் கறுத்த மண் பூக்கண்டுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் ஏற்ற மண் என்று கியூப் கணக்கில் விலைக்குப் போயிருக்கிறது. எங்களிடம் கூலி வாங்கிக்கொண்டே எங்கள் மண்ணை விற்றிருக்கிறார்கள்.

திரும்பி வந்த "நல்ல மண்" என்ன தெரியுமா? கிரவல். ரோட்டுக்குப் போட்டு உருளையால் இறுக்குகிற அதே சாமான். மேலே கண்ணுக்குத் தெரியும்படி ஒரு அங்குலத்துக்குக் குளத்து வண்டல் தூவியிருந்தார்கள். அண்ணாவுக்கு அனுப்பிய படங்களில் அந்த மேல்பூச்சு மட்டும்தான் இருந்தது, அழகாக, ஈரமாக, கறுப்பாக. அளவிலும் களவு. நான் வீட்டில் நின்ற ஒரு நாள் மண் கொண்டுவந்த டிப்பரின் பெட்டிக்கு அளவு நாடா பிடித்தேன். நீளம் 10 அடி, அகலம் 6 அடி, மண் நின்ற உயரம் 3 அடி. அது 180 கன அடி, 1.8 கியூப். பற்றுச்சீட்டில் இரண்டரை கியூப் என்று எழுதியிருந்தது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி 100ஆல் பிரிக்க ஒரு நிமிடம் போதும். மண் இறக்கும் முன் பெட்டியில் வைத்தே அளவுங்கள். கொட்டின பிறகு கும்பியைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. மண் ஏற்றிவர புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதையும் சாரதியிடம் கேளுங்கள். நான் கேட்டபோது "முதலாளியிட்ட இருக்கு" என்றார். முதலாளியிடமும் இருக்கவில்லை.

கன்றுகளின் கதை இன்னும் மோசம். கறுத்தக் கொழும்பான், அம்பலவி என்ற மா இனங்களின் ஒட்டுக்கன்று என்று சொல்லி வைத்தார்கள். தண்டில் ஒரு சாண் உயரத்தில் பொலித்தீன் நாடா சுற்றியிருந்தது, ஒட்டின இடத்தில் சுற்றுவது போலவே. ஒரு கன்று வாடத் தொடங்க, அம்மா நாடாவை மெல்ல உரித்துப் பார்த்தா. உள்ளே தண்டு அடியிலிருந்து நுனிவரை ஒரே வழுவழுப்பு. வெட்டின தழும்பு இல்லை, வளைவு இல்லை, தோல் நிறம் மாறவில்லை. மற்றக் கன்றுகளையும் உரித்தோம், எல்லாம் அப்படித்தான். கொட்டை முளைத்த கன்றுக்கு நாடா சுற்றி ஒட்டு விலைக்கு விற்றிருக்கிறார்கள். உண்மையான ஒட்டில் அடிக்கட்டையும் மேல்தண்டும் சேருகிற இடம் கையால் தடவினாலே தெரியும். சின்ன முண்டு இருக்கும், பெரும்பாலும் லேசாகச் சரிந்திருக்கும். காசு கொடுக்கும் முன் ஒரு கன்றின் நாடாவையாவது உங்கள் முன்னால் அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். கொட்டைக்கன்று காய்க்க வருசக்கணக்கில் பார்த்திருக்க வேண்டும், காய்த்தாலும் தாய் மரத்தின் சுவை வரும் என்று உறுதியில்லை. அம்மாவின் வயதில் அந்தக் காத்திருப்பு என்ன என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறாதது இந்த ஒரு விசயத்தில்தான்.

தென்னை சாதாரணமாக 26 அடி இடைவெளியில் வைக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஏக்கருக்கு 64 பிள்ளைதான் பிடிக்கும். இவர்கள் 14, 15 அடியில் நெருக்கி வைத்து எண்ணிக்கையைக் கூட்டிக் காசு எடுத்தார்கள். குழி மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி என்று பேசியது. கிரவலில் வெட்டக் கஷ்டம் என்று ஒரு அடியோடு விட்டார்கள். அடியில் உரிமட்டை அடுக்கவும் இல்லை. எங்கள் வைகாசி வெயிலிலும் கச்சான் காற்றிலும் இளம்பிள்ளை தாக்குப்பிடிக்க அந்த உரிமட்டை பிடித்து வைக்கிற ஈரம்தான் உதவி. பிள்ளை தேவையென்றால் தெங்குப் பயிர்ச்செய்கைச் சபையிலும், மாங்கன்று தேவையென்றால் விவசாயத் திணைக்களத்தில் பதிந்த நாற்றுமேடைகளிலும் விசாரியுங்கள். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் வழி காட்டுவார்.

பின்மூலையில் நிற்கிற பலாவையும் "நிழல் கூடிப்போச்சு" என்று சொல்லித் தறிக்கப் பார்த்தார்கள். அம்மா அடியில் கதிரை போட்டு இருந்துவிட்டா. பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் அனுமதியில்லாமல் தறிப்பது 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும். எங்கள் கிராம அலுவலருக்குத் தொலைபேசி எடுக்கிறேன் என்றதும் வாளைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

பிறகு ஐப்பசி மழை வந்தது. எங்கள் பின்வளவு முன்பு வாய்க்கால் பக்கம் சரிந்திருந்தது. 2018 மார்கழியில் இரணைமடுக் கதவுகள் திறந்து கிளிநொச்சியே வெள்ளத்தில் நின்றபோதுகூட எங்கள் முற்றத்துத் தண்ணீர் அந்தச் சரிவால் வடிந்துவிட்டது. "மட்டம் போடுகிறோம்" என்று அந்தச் சரிவையும் அழித்துவிட்டார்கள். இந்த மாரியில் குசினி வாசல்வரை தண்ணீர் நின்றது. மேலே நிற்கிற தண்ணீர் கிரவலுக்குள் இறங்கவும் இல்லை. வண்டல் முழுக்கக் கரைந்து வேலியோரம் ஒதுங்கியது.

மழை விட்டதும் வளவு முழுக்கப் பச்சை. கரட் இலை மாதிரி வெட்டு வெட்டான இலை, பிறகு பொடிப் பொடியாக வெள்ளைப் பூ. பார்த்தீனியம். 1980களின் கடைசியில் இந்தியப் படை வந்த காலத்தோடு வந்த பூண்டு என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் வளவில் அதுவரை ஒரு செடி இருந்ததில்லை. கொண்டுவந்து கொட்டிய மண்ணோடுதான் விதை வந்தது. ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும். தோலில் பட்டால் கடி, தடிப்பு. இழுப்பு வருத்தம் உள்ளவர்களுக்கு இன்னும் கரைச்சல். உங்கள் வளவில் கண்டால் பூக்க முன், மண் ஈரமாக இருக்கும்போதே, கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். பூத்ததைப் பிடுங்கி எருக்குழிக்குள் போடாதீர்கள். வெறுந்தரையாக விட்டால் திரும்ப வரும் என்பதால் நாங்கள் பிடுங்கின இடங்களில் தகரையும் சணலும் விதைத்து வருகிறோம். சணலைப் பூக்கும் பருவத்தில் வெட்டி மண்ணோடு புரட்டினால் பசளையுமாகும்.

முறைப்பாட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: நுகர்வோர் அதிகார சபைக்கு எழுத்தில், பொருளோ சேவையோ பெற்ற மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்தில் விளக்கம் கேட்கலாம். நாங்கள் அங்கேயும் மத்தியஸ்த சபைக்கும் கொடுத்தோம். உரித்த கன்றுகள், நாடா பிடித்த படம், பற்றுச்சீட்டு எல்லாம் கொண்டு போனதால் வேலை எடுத்த ஆள் கன்றுகளின் காசைத் திருப்பித் தந்தார். மண்ணுக்கான கணக்கு இன்னும் முடியவில்லை. வாயால் பேசின பேச்சு மட்டும் இருந்திருந்தால் இதுவும் கிடைத்திராது. எந்த மண், எத்தனை கியூப், சுரண்டுகிற மண் வளவுக்குள் எந்த மூலையில் குவிக்கப்படும், கன்று என்ன இனம், செத்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் படத்தைப் பார்த்துக் காசு விடாமல், ஊரில் ஒருவரை அனுப்பி ஒரு அடி ஆழம் கிண்டி அந்தக் குழியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மத்தியஸ்தம் முடியும்வரை ஆளின் பெயரை நான் இங்கே போடவில்லை. மொத்த விலையில் வளவு திருத்தித் தருவதாக யாராவது உங்களிடம் இப்போது பேசிக்கொண்டிருந்தால், முற்பணம் கொடுக்க முன் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். எங்களிடம் உள்ள பற்றுச்சீட்டுகளையும் படங்களையும் காட்டுகிறேன்.