பழைய ஃபேஸ் மைக்ராஸ்கோப் வாங்கலாமா? எட்டு மாத அனுபவம்

எங்கள் ஆய்வகத்துக்கு எட்டு மாதம் முன்பு ஒரு இன்வெர்ட்டட் (லென்ஸ் அடியில் இருந்து மேலே பார்க்கும்) ஃபேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ராஸ்கோப் வாங்கினோம். ஜப்பான் தயாரிப்பு, செகண்ட் ஹேண்ட், விலை ஒன்றே முக்கால் லட்சம். கூடவே 4, 10, 20, 40 மடங்கு பெரிதாக்கும் நான்கு லென்ஸ். செல் வளர்க்கும் கல்ச்சர் அறையில் தினமும் அதன் முன்னால் உட்காருவது நான்தான். வாங்கலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

சாயம் ஏற்றாத உயிருள்ள செல்லைச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஏறக்குறைய எதுவுமே தெரியாது. செல் ஒளியை விழுங்குவதில்லை, கொஞ்சம் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். செல் வளரும் திரவமான மீடியத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 1.33, செல்லுக்கு 1.37 பக்கம். செல்லுக்குள் புகுந்து வந்த அலை கட்டத்தில், அதாவது ஃபேஸில், அலையின் ஏற்ற இறக்க நிலையில், சற்றுப் பின்தங்கியிருக்கும். நம் கண்ணுக்கு வெளிச்சத்தின் அளவுதான் தெரியும், கட்டம் தெரியாது.

நெதர்லாந்தில் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபிரிட்ஸ் ஸெர்னிகே இதற்கு வழி கண்டுபிடித்தார். செல்லில் பட்டுச் சிதறிய ஒளி, நேராக வந்த ஒளியைவிடக் கிட்டத்தட்ட கால் அலைநீளம் பின்னால் இருக்கும். விளக்கின் ஒளியைச் செல்லின் மேல் குவிக்கும் கண்டென்சரில் வளையம் போல ஒரு துளை, லென்ஸுக்குள் அதற்குப் பொருந்தும் இன்னொரு வளையம். நேர் ஒளி மட்டும் அந்த வளையம் வழியாகப் போகும்போது இன்னொரு கால் அலை முன்னே தள்ளப்படுகிறது, கொஞ்சம் மங்கவும் செய்கிறது. இப்போது இரண்டுக்கும் அரை அலை வித்தியாசம். ஒன்றை ஒன்று அழிக்க, செல் கருத்துத் தெரிகிறது. 1932ல் ஜெனாவில் மைக்ராஸ்கோப் தயாரிக்கும் ஸைஸ் நிறுவனத்திடம் இதைக் காட்டியபோது அவர்கள் அக்கறை காட்டவில்லை. 1953ல் அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம், முதல் மாதம் பட்ட பாடு. படம் எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி வந்தது. செல்தான் சரியில்லை என்று நினைத்து சீரம் மாற்றினேன், உறைய வைத்திருந்த செல்லில் புதுக் குப்பி ஒன்றை எடுத்து உருக்கி வளர்த்தேன். அப்போதும் அதே சாம்பல். வளையங்களைச் சரிபார்க்க சென்டரிங் டெலஸ்கோப் என்று ஒரு சின்னக் குழாய் வேண்டும். விற்றவர் அதை அனுப்பவே இல்லை. இரண்டு வாரம் போன் செய்தேன். "அதெல்லாம் தேவைப்படாது மேடம், ஃபேக்டரியிலேயே செட் பண்ணினது" என்றார். கடைசியில் பக்கத்துத் துறையில் கடன் வாங்கினேன்.

ஐபீஸைக் கழற்றிவிட்டு டெலஸ்கோப்பைச் செருகிப் பார்த்தேன். உள்ளே ஒரு கருப்பு வளையம், ஒரு வெள்ளை வளையம். அளவு பொருந்தாத இரண்டு வளையல்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்ட மாதிரி வெள்ளை வளையம் ஒரு பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கண்டென்சரில் இருக்கும் இரண்டு திருகையும் மெதுவாகத் திருப்பினேன். வெள்ளை நகர்ந்து நகர்ந்து கருப்புக்குள் போய் உட்கார்ந்தது. ஐபீஸைத் திரும்பப் போட்டதும் நாங்கள் வளர்க்கும் 3டி3 என்ற எலிச் செல்கள் எழுந்து நின்றன. நீண்ட உடல், நடுவே நியூக்ளியஸ், அதற்குள் இரண்டு மூன்று கருப்புப் புள்ளியாக நியூக்ளியோலஸ், ஓரத்தில் மெல்லிய மடிப்பு அலைவதுகூடத் தெரிந்தது. ஒரு மாதமாக நான் குறை சொன்ன அதே செல்கள்தான்.

எங்கள் வேலை, ஒரு ஜீனை எஸ்ஐஆர்என்ஏ (ஜீனின் வேலையை அடக்கும் சிறிய ஆர்என்ஏ துண்டு) வைத்து அடக்கினால் செல்லின் நடமாட்டம் குறைகிறதா என்று பார்ப்பது. 37 டிகிரி சூடு தட்டின் மேல் ஃபிளாஸ்க், அமிலத்தன்மை மாறாமல் காக்கும் ஹெப்பிஸ் கலந்த மீடியம், பத்து நிமிடத்துக்கு ஒரு படம், ஆறு மணி நேரம். பிறகு இமேஜ்ஜே என்ற மென்பொருளில் ஒவ்வொரு செல்லாகப் பின்தொடர்வேன். ஒரு செல் மொத்தம் 140 மைக்ரோமீட்டர் நடந்திருந்தது. தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் நேர்கோட்டில் அளந்தால் 31தான். கடந்த தூரம், இடப்பெயர்ச்சி என்று ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்த வித்தியாசம் இங்கே முழு வேலையையும் தீர்மானிக்கிறது. தூரத்தை மட்டும் எழுதியிருந்தால், திசை இல்லாமல் சுற்றிய செல்லையும் சுறுசுறுப்பான செல் என்று கணக்கு வைத்திருப்பேன்.

ஆனால் ஃபிளாஸ்க் வைக்கும் மேடையான ஸ்டேஜும் நகர்கிறது, அதுதான் இந்த மெஷினின் பெரிய குறை. ஒரு முறை எல்லா செல்லும் ஒரே பக்கம், இடது மேல் மூலைக்குப் போயின. ஃபிளாஸ்கின் அடியில் ஒட்டிக்கிடந்த ஒரு தூசும் கூடவே போனது. முதல் ஒரு மணி நேரத்தில் 9 மைக்ரோமீட்டர். விளக்கும் தட்டும் சூடேறும்போது உலோகம் விரிகிறது. இப்போதெல்லாம் ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுகிறேன், ஒட்டிக்கிடக்கும் தூசின் நகர்வை ஒவ்வொரு செல்லின் கணக்கிலிருந்தும் கழிக்கிறேன்.

மற்ற குறைகள் எல்லா ஃபேஸுக்கும் பொதுவானவை. செல்லைச் சுற்றி ஒரு வெள்ளை ஒளிவட்டம் வரும், ஓரம் எங்கே முடிகிறது என்று மென்பொருள் தடுமாறும். 96 குழித் தட்டில் மீடியத்தின் மேற்பரப்பு வளைந்திருப்பதால் வளையம் விலகிப்போகும், குழியின் நடுவில் மட்டும்தான் படம் தேறும். ஆறு குழித் தட்டில் தொல்லை இல்லை. மூடியில் நீர் கோத்தாலும் போச்சு. உருண்டு பளபளக்கும் செல்லைப் பார்த்து ஜூனியர் "அக்கா, இது செத்ததா?" என்று கேட்பாள். பிரிகிற செல்லும் அப்படித்தான் மின்னும். ஒரு மணி நேரம் கழித்துப் பார், இரண்டாகப் படுத்திருந்தால் உயிரோடு இருக்கிறது என்பேன்.

கல்ச்சர் அறைக்கு இந்த விலையில் தாராளமாக வாங்கலாம். ஃப்ளோரசன்ஸ் (ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்க்கும்) வேலைதான் முக்கியம் என்றால் வேண்டாம், பணத்தைச் சேர்த்து வேறு வாங்குங்கள். வாங்கப் போகும்போது செல் உள்ள ஒரு ஃபிளாஸ்கைக் கையோடு கொண்டுபோங்கள். விற்பவர் முன்னாலேயே ஐபீஸைக் கழற்றி, ஒவ்வொரு லென்ஸிலும் வளையம் பொருந்துகிறதா என்று பாருங்கள். எங்களுடையதில் 10க்கும் 20க்கும் ஒரே வளையம், 40க்கு வேறு. லென்ஸை மாற்றிவிட்டு வளையத்தை மாற்ற மறந்தால் பழையபடி சாம்பல்தான். பச்சை ஃபில்டரும் கேட்டு வாங்குங்கள். கால் அலைத் தள்ளல் பச்சை ஒளிக்குக் கணக்காகச் செய்தது.

சென்டரிங் டெலஸ்கோப்பைப் பிறகு தனியாக வாங்கிவிட்டோம். தொலைந்துபோகாமல் இருக்க, நூல் கட்டி மைக்ராஸ்கோப்பின் கழுத்திலேயே தொங்கவிட்டிருக்கிறேன்.