இட்டேரிக்குள்ளும் வழி காட்டுமா? மூன்று போன்கள், ஒரு மதிப்பீடு

கொங்கு நாட்டுக் கிராமங்களில் கதவு எண்ணையும் தெருப் பெயரையும் வைத்து வீடு தேடுவோர் அரிது. ஊருக்குள் இருக்கும் வீடுகளைவிட ஊரைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் தோட்டத்துச் சாளைகளே பல இடங்களில் மிகுதி என்பதால், முகவரி என்பது தோட்டத்தின் பெயராகவோ பக்கத்துக் கோயிலாகவோ பால் சொசைட்டியாகவோதான் சொல்லப்படும். இப்போது அந்த வேலையை வாட்ஸ்அப்பில் வந்து விழும் லொகேஷன் எடுத்துக்கொண்டுவிட்டது. கல்யாணப் பத்திரிகையில்கூட மண்டபத்துக்கு வழி காட்டும் கியூஆர் கட்டம் அச்சாகிறது. போர்வெல் மோட்டார்களைப் பழுது பார்க்கும் எனக்கு, இப்படி லொகேஷன் அனுப்பப்பட்ட தோட்டங்களைத் தேடிக் கண்டுபிடிப்பது தொழிலில் பாதி. ஆகவே கேமரா, விளையாட்டு, பளபளப்பு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, வழிகாட்டும் கருவியாக ஒரு போன் எப்படி உழைக்கிறது என்பதை மட்டும் கொண்டு மூன்று போன்களை இங்கே மதிப்பிடுகிறேன்.

ஒன்று பதினோராயிரம் ரூபாய் அளவிலான புதுப் போன். இரண்டாவது இருபதாயிரத்தை ஒட்டியது. மூன்றாவது, சில ஆண்டுகளுக்கு முன் உயர்விலையில் வெளிவந்து இப்போது பழைய போன் கடையில் கிடைத்தது. மாடல்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தச் சந்தையில் ஆறு மாதத்தில் ஒரு மாடல் கடையை விட்டுப் போய்விடுகிறது. எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்தால் அடுத்து வரும் மாடலுக்கும் அது பொருந்தும்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்துவிட வேண்டும். நெட் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று படித்தவர்களே சொல்லக் கேட்கிறோம். இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞையைப் போன் வாங்கிக் கொள்கிறதே தவிர, திருப்பி எதையும் அனுப்புவதில்லை. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் கண்ணுக்குத் தெரிந்தால் தன் இடத்தையும் நேரத்தையும் அதுவே கணக்கிட்டுக் கொள்ளும். நெட் உதவுவது இரண்டு இடங்களில்தான்: வரைபடத்தை இறக்குவதற்கும், எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை முன்கூட்டியே தருவதற்கும். அந்த விவரத்தை நேரடியாக வானத்திலிருந்து பெறுவதானால், ஜிபிஎஸ் நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகிறது. ஒரு செயற்கைக்கோள் தன் சுற்றுப்பாதை விவரத்தைச் சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆகும். மொத்தச் செயற்கைக்கோள்களின் பட்டியலையும் சொல்ல பன்னிரண்டரை நிமிடம் ஆகும். திம்பம் மலையில் டவர் இல்லாத இடத்தில் போனை அணைத்துப் போட்டுவிட்டு மறுபடி இயக்குகிறவர் நீலப் புள்ளிக்காகக் காத்துக் கிடப்பதற்குக் காரணம் இதுதான். சத்தியமங்கலத்திலேயே ஒரு முறை லொகேஷனை இயக்கிவிட்டு அப்படியே மலையேறினால் மூன்று போன்களுமே தடையின்றிக் காட்டின. இந்த ஒரு விஷயத்தில் விலை குறைந்த போனைக் குறை சொல்வதற்கில்லை.

வேறுபாடு தொடங்குவது இட்டேரியில். இருபுறமும் வேலி உயர்ந்து நிற்கும் ஒற்றை வண்டித்தடம் அது. வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு தோட்டத்தின் தடம் இணையாகவே ஓடும். திறந்த வானத்தின் கீழ் சாதாரண போன் ஏறத்தாழ 5 மீட்டர் ஆரத்துக்குள் இடத்தைக் காட்டும் என்பது அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளம் தரும் கணக்கு. மரங்கள் கூடினால், பக்கத்தில் கட்டடம் நின்றால் இது பல மடங்கு பெருகும். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்குள் முதல் போனின் புள்ளி வேலியைத் தாண்டி அடுத்தவர் தோப்புக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. திரும்ப வேண்டிய இடம் கடந்த பிறகே வலப்பக்கம் திரும்பச் சொன்னது. இரண்டாவதும் மூன்றாவதும் அதே தோப்பில் தடத்தை விட்டு நகரவில்லை.

காரணம் விலை அல்ல, அலைவரிசை. பெரும்பாலான மலிவு போன்கள் 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் எல்1 என்ற ஒரே சமிக்ஞையைத்தான் வாங்குகின்றன. மற்ற இரண்டும் அதோடு 1176.45 மெகாஹெர்ட்ஸில் வரும் எல்5 சமிக்ஞையையும் வாங்குபவை. எல்1இல் பொதுமக்களுக்கான பழைய குறியீட்டைவிட எல்5 குறியீடு பத்து மடங்கு வேகமாக ஓடுவதால், செயற்கைக்கோளிலிருந்து நேராக வருவதையும் சுவரிலோ பாறையிலோ பட்டுத் தெறித்து வருவதையும் போனால் பிரித்தறிய முடிகிறது. நம் பகுதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென்கோடித் தமிழகத்தை ஒட்டிச் செல்கிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததற்கே அதுதான் காரணம். அந்தக் கோட்டை ஒட்டிய வானில் அயனி மண்டலத்தின் கலக்கம் மிகுதி. சமிக்ஞை அதில் தாமதப்படும். இரண்டு அலைவரிசைகள் இருந்தால் அந்தத் தாமதத்தைக் கணக்கிட வழி பிறக்கிறது. ஐரோப்பாவின் கலிலியோவும் இதே 1176.45இல் ஒலிபரப்புவதால், வாங்கக் கூடிய செயற்கைக்கோள்களின் எண்ணிக்கையும் கூடுகிறது.

இந்த வசதி உயர்விலைப் போன்களுக்கு மட்டும் உரியதன்று. 2018இல் ஷாவ்மியின் மி 8இல் இது வந்த காலத்திலிருந்து மெல்லக் கீழிறங்கி நடுத்தர விலைக்கு வந்துவிட்டது. மாறாக ஐபோனில் 2022ஆம் ஆண்டின் 14 ப்ரோவில்தான் முதலில் வந்தது, அடுத்த ஆண்டின் சாதாரண 15இல்கூட இல்லை. அதாவது, விலைப்பட்டியைப் பார்த்து ஊகிக்க முடியாது.

இந்தியாவின் சொந்த வழிகாட்டிச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக் பற்றியும் கேட்பார்கள். இஸ்ரோவின் முதல் வழிகாட்டிச் செயற்கைக்கோள் 2013 ஜூலையில் ஏவப்பட்டது. அமைப்பு எல்5இலும் எஸ் அலைவரிசையிலும் மட்டும்தான் ஒலிபரப்பி வந்தது. எல்1 சேர்ந்தது 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01இல்தான். ஆகவே பெட்டியில் நாவிக் என்றிருந்தால் எல்5 இருக்கக்கூடும் என்று ஓரளவு நம்பலாம். எனக்கு அதன் பயன் அந்த அளவில்தான். தொடக்க காலச் செயற்கைக்கோள்களில் அணுக்கடிகாரங்கள் பழுதானதும், 2025 ஜனவரியில் ஏவிய என்விஎஸ்-02 உரிய பாதையை எட்டாமல் போனதும் அமைப்பை மெலிவாக்கியிருக்கின்றன. நம் நாட்டுப் பொருள் என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கோயம்புத்தூர் நூறடி சாலையில் ஒரு கடையில் இந்த எல்5 பற்றிக் கேட்டேன். “ஜிபிஎஸ் இல்லாத போனே இப்ப இல்லீங்ணா, எல்லாம் ஒண்ணுதானுங்க” என்று விற்பனையாளர் சொன்னார். அவர் மீது தவறில்லை. அவருக்குக் கொடுத்த அட்டையில் கேமராவும் சார்ஜரும்தான் இருந்தன. கடையில் நிற்கும் மாதிரிப் போனை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, ஜிபிஎஸ்டெஸ்ட் போன்ற இலவசச் செயலி ஒன்றை இறக்கிப் பார்ப்பதே சரியான வழி. ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கு நேரிலும் எந்த அலைவரிசை, எவ்வளவு வலு என்று அது காட்டும். எல்5, இ5ஏ (கலிலியோவில் அதே அலைவரிசையின் பெயர்) என்ற வரிகள் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். வலு நாற்பதை ஒட்டி நிற்கும் வரிகள் பல இருந்தால் அந்தப் போனின் ஆன்டெனா நல்லது. கடைக்குள் கூரைக்கடியில் நின்று பார்த்தால் எந்தப் போனும் தேறாது. மறுப்பவர் கடையில் வாங்க வேண்டாம்.

அடுத்தது காந்தமானி, அதாவது திசை காட்டும் உணரி. முதல் போனில் அது இல்லை என்பதை வாங்குவதற்கு முன்பே குறிப்பேட்டில் பார்த்திருந்தேன். ஆனால் அதன் இழப்பு இட்டேரிகள் மூன்றாகப் பிரியும் இடத்தில் நின்றபோதுதான் முழுதாகப் புரிந்தது. ஓடும் வண்டியில் எந்தப் போனும் நகர்வை வைத்துத் திசையைக் கணித்துவிடும். நின்றுவிட்டால், காந்தமானி இல்லாத போனுக்கு நாம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று தெரியாது. பத்தடி ஒரு பக்கம் போய்ப் பார்த்து, தப்பென்று தெரிந்து, வண்டியைத் திருப்ப வேண்டும். திருப்ப இடம் இருக்காது. உணரி உள்ள போனிலும், காந்தம் வைத்த பிடிப்பானில் மாட்டினால் திசை கோணலாகும் என்பதால் இறுக்கிப் பிடிக்கும் வகையே மேல்.

போன் திரும்புவதை உணரும் சுழல்மானி (கைரோஸ்கோப்) இருந்தால் சுரங்கத்தில் உதவும். குருவாயூர் போகும் வழியில் பாலக்காட்டைக் கடந்தபின் வரும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள குதிரான் சுரங்கத்தில், மூன்றாவது போன் புள்ளியைத் தொடர்ந்து நகர்த்திச் சென்றது. முதலாவது நுழைவாயிலிலேயே நின்றுவிட்டது.

மூன்று போன்களுமே தோற்ற இடம் ஒன்று உண்டு. அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை பத்துக் கிலோமீட்டருக்கு 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலத்தில் நாம் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்பதைப் போன் அவ்வப்போது குழப்பிக் கொள்கிறது. செயற்கைக்கோள் கணக்கில் உயரத்தின் பிழை எப்போதும் தரையளவின் பிழையைவிட அதிகம் என்பதே காரணம். மூன்றாவது போனில் காற்றழுத்தமானி இருந்தும் வரைபடச் செயலி அதை இதற்கு முழுதாகப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. ஹோப் காலேஜில் இறங்க வேண்டியவர் எந்த இறங்குதளம் என்பதை முன்பே பார்த்து வைத்துக் கொள்வது நல்லது.

போனைப் போலவே வரைபடத்திலும் கவனம் வேண்டும். கூகுள் வரைபடத்தில் ஒரு பகுதியை முன்பே இறக்கி வைத்துக் கொள்ளலாம். ஆனால் நெட் இல்லாதபோது கார் வழியை மட்டும்தான் தரும், நடைவழி தராது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு அது போதும்; மேலே போய் ஒற்றையடிப் பாதையில் நடக்கப் போதாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைக் கொண்டு இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மண்ட் இரண்டும் நடைபாதைகளையும் உயரக் கோடுகளையும் போனுக்குள்ளேயே வைத்திருப்பவை. கடைப் பெயர், மண்டபப் பெயர் தேடுவதில் அவை பின்தங்கியவை. நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். 128 ஜிபி போனில் இடம் ஒரு பொருட்டல்ல. எந்த வரைபடமானாலும், பண்ணாரி சோதனைச்சாவடியில் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடு உண்டு என்பதை நீங்கள்தான் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

சித்திரை வெயிலில் கரூர்ச் சாலையில் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டிய போன் சூடேறித் தானாகவே திரை வெளிச்சத்தைக் குறைத்துக் கொள்ளும். ஏசி காற்று வரும் துளைக்கு முன் மாட்டினால் இது பெருமளவு தீரும். பேட்டரி சேமிப்பு என்ற பெயரில் பின்னணியில் ஓடும் வழிகாட்டியை நிறுத்திவிடும் பழக்கம் இரண்டாவது போனுக்கு இருந்தது. வரைபடச் செயலிக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியதும் சரியாயிற்று.

இருசக்கர வண்டிக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதிரும் எஞ்சினோடு போனை நேரடியாகப் பிணைத்தால், கேமராவில் ஆட்டத்தைச் சமன் செய்யும் நுண்பாகம் கெடக் கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் அறிவித்திருக்கிறது. அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த பிடிப்பான் வாங்குங்கள். அல்லது கேமராவில் அந்த வசதியில்லாத மலிவுப் போனையே வண்டிக்கு ஒதுக்கிவிடுங்கள். என் முதல் போன் இப்போது அந்த வேலைக்குத்தான் இருக்கிறது. ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்று மோட்டார் வாகன விதியில் 2020இல் திருத்தம் வந்தது. கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவதற்கான அனுமதியாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தோட்டத்தைச் சுற்றி நடந்து போனிலேயே பரப்பளவு கணக்கிடுவோரும் பெருகிவிட்டார்கள். ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் பக்கம் ஏறத்தாழ 64 மீட்டர்; நீளத்திலும் அகலத்திலும் 3 மீட்டர் கூடினாலே ஏறத்தாழ பத்து சென்ட் தவறிவிடும். சொட்டுநீர்க் குழாய்க்கு மதிப்பீடு போட அது போதும். வரப்புத் தகராறுக்கு சர்வேயரையும் புலப்பட நகலையும்தான் நம்ப வேண்டும்.

புதிதாக வாங்குகிறவருக்கு இரண்டாவது வகையையே சொல்வேன்: எல்5, காந்தமானி, சுழல்மானி மூன்றும் இருந்து, வெயிலில் எழுத்துத் தெரியும் திரையும் இருந்தால் இருபதாயிரத்துக்கு மேல் போக வேண்டிய தேவை இல்லை. மூன்றாவது வகையைப் பழையதாக வாங்குவோர், பேட்டரி மாற்றுவதற்கான செலவையும் மென்பொருள் புதுப்பிப்பு இன்னும் எத்தனை காலம் வரும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்; அத்தோடு, போனை ஒரு முறை பிரித்து மூடியிருந்தால் ஆன்டெனாவின் தொடர்பு தளர்ந்திருக்கக் கூடும் என்பதால், வாசலில் நின்று செயற்கைக்கோள் வரிகளைப் பார்க்கும் சோதனை பழைய போனுக்குப் புதியதைவிடக் கூடுதலாகவே தேவை.