"1870 சூ பார்ஃப்ளெஷ்" வாங்குபவர்களுக்கு: மடிப்பையும் துளையையும் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

1870-களில் அமெரிக்கப் பழங்குடியினரான லகோட்டா சூ பெண்கள் காட்டெருமைத் தோலில் செய்தது என்று இணைய ஏலத்தில் விற்ற பார்ஃப்ளெஷ், அதாவது பதனிடாத தோலை மடித்து வார் கோத்துச் செய்யும் வண்ண உறை ஒன்று சோதனைக்கு வந்தது. அப்பட்டமான புதுசு. பணத்தைத் திருப்பிக் கேட்டால், "சூ பாணி என்றுதானே போட்டிருந்தேன்" என்கிறார் விற்றவர். விளம்பரத்தில் முன்பக்கப் படங்கள் மட்டுமே இருந்தன.

முதலில் காட்டிக்கொடுத்தது வண்ணம். அசலில், முடிப்பக்கம் கீழே இருக்கும்படி பச்சைத்தோலை (பதனிடாத தோலை) முளையடித்து இழுத்துக் கட்டி, சதைப்பக்கத்தைச் சுரண்டி, ஈரம் காய்வதற்குள் வரைவார்கள். மண் நிறமிகள், தோல் பசை, நுண்துளையுள்ள எலும்புத் துண்டே தூரிகை. அதனால் நிறம் தோலுக்குள் இறங்கிவிடும். மடிப்பில் தேயுமே தவிர உரியாது. இதிலோ காய்ந்த தோலின் மேல் அக்ரிலிக். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் மடிப்பு நெடுக பிளாஸ்டிக் ஏடு போல எழும்பி நிற்கிறது.

தோலும் தொழிற்சாலைச் சரக்குதான்: சுண்ணாம்பில் முடி நீக்கி வெளுத்தது, எங்கும் ஒரே தடிமன். கையால் சுரண்டியதில் தடிமன் ஏறி இறங்கும். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் சுரண்டிய தடம் தெரியும், ஓரங்களில் முடிவேர் மிச்சமிருக்கும். வார் கோக்கும் துளைகளை அக்காலத்தில் கத்தியால் குத்துவார்கள், அல்லது காய்ச்சிய கம்பியால் சுடுவார்கள். வார் இழுத்து இழுத்து அவை நீண்டுபோகும். இதில் பஞ்ச் போட்ட கச்சித வட்டம், உள்சுவர் வெள்ளை வெளேர். பழசாகக் காட்டப் பூசிய தேநீர்க் கறை, கை படாத உள்மடிப்பிலும் அதே அளவில்!

ஒன்று: மாட்டுத்தோல் என்பதாலேயே போலி என்று தள்ளிவிடாதீர்கள். 1880-களின் தொடக்கத்தில் காட்டெருமை மந்தைகள் அழிந்தபின் மாட்டுத்தோலில்தான் செய்தார்கள். "1895, காட்டெருமை" என்பவரிடம்தான் கேள்வி கேட்க வேண்டும். பளிச்சென்ற சிவப்பும் நீலமும்கூடக் குற்றமில்லை, வணிகர்களிடம் வாங்கிய நிறமிகள் அப்போதே புழக்கத்தில் இருந்தன.

உட்புறம், மடிப்பு, துளை மூன்றுக்கும் நெருக்கப் படம் கேளுங்கள். ரசீதில் "லகோட்டா, சுமார் 1870, காட்டெருமைத் தோல்" என்று எழுதி வாங்குங்கள். "பாணி", "கருதப்படுகிறது" எதுவும் வேண்டாம். பழங்குடியினர் செய்ததாகப் பொய் சொல்லி விற்பது அமெரிக்காவின் 1990 இந்தியக் கலை, கைவினைச் சட்டப்படி குற்றம் (இங்கே "இந்திய" என்பது அமெரிக்கப் பழங்குடியினரைக் குறிக்கும்). முதல்முறையே 2,50,000 டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. எழுதித் தரத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

பொருள் கைக்கு வந்தபின் ஈரத்துணியால் துடைத்துப் பார்க்காதீர்கள். அசலாக இருந்தால் தோல் இளகி வடிவம் கெடும், நிறமும் கரையலாம். பழைய சேகரிப்புகளில் பூச்சிக்காக ஆர்சனிக் தூவியிருப்பதும் உண்டு. கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.