38,500 ரூபாய் போச்சு: ஹெரால்டுக்கு ட்வின் கார்புரேட்டர் தேடுபவர்கள் கவனிக்கவும்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வைத்திருப்பவர்கள் கண்டிப்பாகப் படியுங்கள். எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் சொல்கிறேன்.

என்னுடையது அப்பா காலத்து வண்டி. 948 சிசி எஞ்சின், ஒற்றை சோலெக்ஸ் கார்புரேட்டர். அதைக் கழற்றிவிட்டு ஒன்றேகால் இஞ்ச் எஸ்.யூ. எச்.எஸ்.2 கார்புரேட்டர் இரண்டு போட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் காருக்கு வந்த ஜோடி அது. இவ்வளவு சின்ன எஞ்சினுக்கு அதற்கு மேல் பெரிதாகப் போட்டால் கீழ் ஆர்.பி.எம்.மில் இழுவையே இருக்காது.

பழைய கார் பாகங்கள் கைமாறும் ஆன்லைன் குழு ஒன்றில் ஒருவர் அந்த ஜோடியை மேனிஃபோல்டோடு (எஞ்சினுடன் இணைக்கும் குழாய்) விற்பனைக்குப் போட்டிருந்தார். புது ஸ்பிண்டில் (த்ராட்டில் தண்டு), புது ஜெட் (பெட்ரோல் வரும் துளை), பொருத்தி ட்யூன் செய்வதும் சேர்த்து 38,500 ரூபாய். நான் போன் செய்ததும், ஜெட்டில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஊசியான நீடிலைப் பற்றி அவராகவே சொன்னார்: "ஸ்பிட்ஃபயர் நீடில் 1147 சிசிக்கு உள்ளது தம்பி, உங்க 948க்கு ஒத்துவராது. நான் மாத்தித் தர்றேன்." அப்புறம், "எங்கப்பா வண்டலூர் ஃபேக்டரியில ஹெரால்டு செஞ்சவர்" என்றார். நீடிலைப் பற்றி நாம் கேட்காமலே பேசுகிற ஆளை யார்தான் நம்பமாட்டார்கள்? அன்று இரவே முழுப் பணத்தையும் அனுப்பினேன்.

அவர் ஷெட்டிலேயே பொருத்தினார். வீடு வருவதற்குள் ஐடிலிங் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பிளக்கைக் கழற்றினால் முன் இரண்டும் கரி, பின் இரண்டும் வெள்ளை (கரி என்றால் பெட்ரோல் அதிகம், வெள்ளை என்றால் குறைவு). எங்கள் ஊர் மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். இரண்டு நீடிலிலும் வேறு வேறு எழுத்து. ஒரு கார்புரேட்டரின் பிஸ்டன் மேல் இருப்பது அதற்குரிய மேல்மூடியே அல்ல, வேறு எதிலிருந்தோ எடுத்தது, அதனால் பிஸ்டன் பாதியில் சிக்கி நிற்கிறது. எஸ்.யூ.வில் பிஸ்டனும் மேல்மூடியும் ஜோடி சேர்த்து வருபவை, மாற்றிப் போடவே கூடாது. "புது ஸ்பிண்டில்" விரலால் ஆட்டினாலே ஆடுகிறது.

போன் செய்தேன். "ஓட ஓட செட் ஆயிடும்" என்றார். அடுத்த முறை, "பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்க, நான் என்ன பண்ண?" எத்தனால் கலவையை லீன் ஆக்கும் (பெட்ரோல் குறைந்ததுபோல் ஆகும்), சரி. அப்படியானால் நான்கு பிளக்கும் அல்லவா வெளுக்க வேண்டும்? இதைக் கேட்டதும், "வண்டி பழசு, அப்படித்தான் இருக்கும்" என்று வைத்துவிட்டார். பிறகு எடுக்கவே இல்லை. குழு நடத்துபவரிடம் முறையிட்டால், "கொடுக்கல் வாங்கலில் நாங்கள் தலையிட மாட்டோம்" என்று சொல்லி என் பதிவையும் நீக்கினார். 38,500 ரூபாய்! அந்தக் காசில் சோலெக்ஸைப் பிரித்துச் சரிசெய்து, காருக்கு டயரும் மாற்றியிருக்கலாம்.

அவசரமாகச் சில மட்டும். நீடிலில் உள்ள எழுத்தை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள், இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பிஸ்டனைத் தூக்கி விட்டால் 'டக்' என்று அடியில் போய் உட்கார வேண்டும். ஓடும்போது ஸ்பிண்டில் ஓரத்தில் கார்ப் கிளீனர் அடித்து ஆர்.பி.எம். மாறினால் காற்று இழுக்கிறது, வாங்காதீர்கள். ஸ்பிண்டில் ஆடுகிற கார்புரேட்டரில் ட்யூனிங் எதுவும் நிற்காது, அதனால் அதைப் பற்றி இப்போது எழுதவில்லை. பொருள் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். சேலம், ஈரோடு பக்கம் எச்.எஸ்.2 ஸ்பிண்டிலுக்கு புஷ் (ஆட்டத்தை நிறுத்தும் உள்வளையம்) அடித்துத் தரும் லேத் பட்டறை தெரிந்தால் சொல்லுங்கள்.