பென்ஷன்காரர்களே, அந்த பேங்க் கிளைக்கு அலையாதீர்கள்

ஐந்துக்கு ஒரு ஸ்டார், அதுவும் டோக்கன் கொடுக்கும் பெண் நாற்காலி இழுத்துப் போட்டதற்காக. கோவையில் 31 வருஷம் ஸ்பின்னிங் மில் வேலை, அறுந்த இழையைப் பிணைத்துப் பிணைத்தே கைரேகை தேய்ந்துவிட்டது. இபிஎஸ் என்கிற பிஎஃப் தொழிலாளர் பென்ஷனில் எனக்கு வருவது 2014இல் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகையான 1,000 ரூபாய்தான். அதை வாங்க வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்க வேண்டும்.

2024 நவம்பரில் மூன்று நாள் போனேன். மெஷினில் விரல் விழவில்லை. நான் சார் என்கிறேன், என் மகன் வயசுப் பையன், "ரேகையே இல்லையே பெருசு, வீட்ல யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்கிறான். சரி, வந்ததோடு கேட்போம் என்று, இரவு வாட்ச்மேன் சம்பளச் சீட்டைக் காட்டி ஒரு சின்னக் கடன் கேட்டால் சீட்டைக் கையில்கூட வாங்கவில்லை. "அறுபது தாண்டிட்டா சிஸ்டம் எடுக்காது." நகை இருந்தால் மட்டும் எடுக்குமாம்!

அப்புறம், தபால்காரரே வீட்டுக்கு வந்து உயிர்ச் சான்று எடுத்துத் தருவார் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லி அவரை வரச் சொன்னேன். அவர் மெஷினிலும் விரல் விழவில்லை, ஆனால் அவர் சலித்துக்கொள்ளவில்லை, "ஐயா, வெளிச்சத்துக்கு வாங்க" என்று திண்ணையில் உட்கார வைத்து போனை முகத்துக்கு நேராகப் பிடித்தார். கண்ணைச் சிமிட்டச் சொன்னார், சிமிட்டினேன், முடிந்தது. பிரமாண் எண், அதாவது அந்த உயிர்ச் சான்றின் எண், எஸ்எம்எஸ்ஸில் வந்துவிட்டது. என்னிடம் வாங்கியது 70 ரூபாய். கிளைக்கு மூன்று நாள் ஆட்டோவுக்குக் கொடுத்தது அதைவிட அதிகம்.

ஆண்ட்ராய்டு போன் இருந்தால் ஜீவன் பிரமாண் ஆப்பில் பேரப்பிள்ளைகளே இதைச் செய்துவிடலாம். கண்ணாடியை மட்டும் கழற்றிவிடுங்கள்.