பிறந்தநாள் கேக் வறண்டு போகாமல் இருக்க எதை வாங்கலாம்? என் ஓட்டு ஊசி தெர்மாமீட்டருக்கு

வீட்டில் பிறந்தநாள் கேக் செய்கிறவர்கள் அதிகம் கேட்கிற கேள்வி, ஓவனிலிருந்து எடுக்கும்போது நன்றாக இருக்கிற கேக் மறுநாள் வெட்டும்போது ஏன் வறண்டு உதிர்கிறது என்பதுதான். இதற்குத் தீர்வு என்று கேக் ஜெல், இம்ப்ரூவர் பொடி, விதவிதமான டின் என்று ஏகப்பட்டது விற்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே பலன் தந்த பொருள் சமையலறை டிஜிட்டல் ஊசி தெர்மாமீட்டர். நீளமான மெல்லிய ஊசி, மேலே எண் தெரிகிற சின்னத் திரை, அவ்வளவுதான் கருவி. இறைச்சி சமைக்கிறவர்களுக்கானது என்று நினைத்துக் கேக் செய்கிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கேக்குக்குத்தான் இது இன்னும் அதிகம் தேவை என்பது என் கருத்து.

ஏன் என்றால், நல்ல செய்முறையை வைத்துச் செய்த கேக் கூட ஓவனில் கடைசிச் சில நிமிடங்களில் வீணாகிறது. பல்குத்தும் குச்சியை விட்டுப் பார்த்து, சுத்தமாக வந்தால் வெந்துவிட்டது என்கிறோம். ஆனால் நடுப்பகுதி சரியான பதத்தில் இருக்கும்போதும் குச்சி சுத்தமாக வரும், அதற்கு அப்புறம் கால் மணி நேரம் கூடுதலாக வெந்து ஈரம் முழுக்க ஆவியான பிறகும் அதே மாதிரி சுத்தமாகத்தான் வரும். வேகவில்லை என்பதை அது சொல்லும், அளவுக்கு மீறி வெந்துவிட்டது என்பதைச் சொல்லாது. தெர்மாமீட்டர் இரண்டையும் சொல்கிறது. எண்ணெய் சேர்த்த சாதாரண வெனிலா அல்லது சாக்லேட் கேக்கின் நடுவில் 96 முதல் 98 டிகிரி செல்சியஸ் காட்டினால் எடுத்துவிடலாம். அந்த நேரத்தில் முட்டையின் புரதமும் மாவின் ஸ்டார்ச்சும் இறுகி கேக் நிற்கிற நிலைக்கு வந்திருக்கும், தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கும். ஓவனைவிட்டு வெளியே வந்த பிறகும் டின்னின் சூட்டில் கொஞ்சம் வேகும் என்பதால் 96 காட்டும்போதே எடுப்பது என் வழக்கம்.

பயன்படுத்துவது எளிது, ஆனால் குத்துகிற இடம் முக்கியம். கேக்கின் நட்டநடுவில் மேலிருந்து செங்குத்தாக, ஆழத்தில் பாதிவரை இறக்க வேண்டும். நுனி டின்னின் அடியைத் தொட்டால் உலோகத்தின் சூட்டைச் சேர்த்துக் காட்டிவிடும். செய்முறையில் சொன்ன நேரத்துக்கு ஏழெட்டு நிமிடம் முன்னால் முதல் முறை பாருங்கள். அதற்கும் முன்னால் ஓவனைத் திறந்தால் இன்னும் இறுகாத நடுப்பகுதி அமுங்கிப்போக வாய்ப்பு உண்டு. ஊசி போன ஓட்டை சின்னதுதான், மேலே கிரீம் தடவினால் யாருக்கும் தெரியாது. கிரீம் இல்லாமல் சும்மா சர்க்கரைத் தூள் மட்டும் தூவுகிற கேக் என்றால் தெரியும், அதற்கு வழியில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. எத்தனை விநாடியில் எண் நிலைக்கிறது என்பது முதல் விஷயம். ஊசி நுனியில் சூட்டை உணர்கிற பகுதியைப் பொறுத்து இதில் இரண்டு வகை உண்டு: தெர்மோகப்பிள் வகை இரண்டு மூன்று விநாடியில் காட்டிவிடும், தெர்மிஸ்டர் வகை கொஞ்சம் தாமதமாகக் காட்டும், விலையும் பொதுவாகக் குறைவு. ஓவன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கை சுடச் சுடக் காத்திருக்கும்போதுதான் அந்த வித்தியாசம் புரியும், ஆனாலும் கேக்குக்கு மட்டும் என்றால் மெதுவான வகையே போதும். எதை வாங்கினாலும் சோதித்துப் பாருங்கள். டம்ளர் நிறைய ஐஸை நொறுக்கிப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி அதில் ஊசியை வைத்தால் 0 காட்ட வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் கடல் மட்டத்தில் 100. மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் தண்ணீர் கொதிக்கிற வெப்பம் 1 டிகிரி குறையும், அதனால் உயரமான இடத்தில் கேக்கின் நடுப்பகுதி 98-ஐத் தொடவே தொடாது, அந்த எண்ணுக்காகக் காத்திருந்தால் கேக் காய்ந்துவிடும். பரிசோதனைக்காகக் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை நுழைக்காதீர்கள், அது 42 டிகிரியைச் சுற்றியே நின்றுவிடும். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கிற அகச்சிவப்பு வகையும் வேண்டாம், அது மேற்பரப்பின் சூட்டை மட்டும்தான் அளக்கும்.

சரி, இதன் குறைக்கும் வருகிறேன். இது நடுவைத்தான் பார்க்கிறது. ஓவனில் கேக்கின் ஓரம் டின்னை ஒட்டியிருப்பதால் முதலில் வெந்துவிடும், நடு கடைசியாகத்தான் வேகும். நடுவில் எண் சரியாக இருந்தும் ஓரத்துத் துண்டு மட்டும் காய்ந்திருப்பது இதனால்தான், அதற்குத் தெர்மாமீட்டர் எதுவும் செய்ய முடியாது. பழைய பருத்தித் துண்டை நீளவாக்கில் கிழித்து, நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, டின்னைச் சுற்றிக் கட்டி ஓவனில் வைத்தால், துணியில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிற வரைக்கும் சுவர்ப்பக்கம் அதிகம் சூடாகாது. கேக் நடுவில் மேடு கட்டாமல் சமமாக எழும்பும், ஓரமும் மெத்தென்று இருக்கும். கறுப்பு நிற டின் சூட்டை வேகமாக இழுக்கும் என்பதால் அதில் செய்கிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். கடையில் இதற்கென்றே பட்டைகள் கிடைக்கின்றன, நனைத்த துணியே அந்த வேலையைச் செய்யும். தீ அருகில் வரும் கேஸ் ஓவனில் மட்டும் துணியின் முனைகள் தொங்காமல் உள்ளே செருகிவிடுங்கள்.

தெர்மாமீட்டரால் காப்பாற்ற முடியாத இன்னொன்று மாவின் அளவு. மைதாவைக் கப்பால் அமுக்கி அள்ளினால் 150 கிராம்வரை வந்துவிடும், தளர்த்தி ஸ்பூனால் போட்டு நிரப்பினால் 120-தான் வரும். இப்படி இரண்டு கப் என்றால் 60 கிராம் கூடுதல் மாவு, அது கேக்கின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும், வீட்டில் எடை பார்க்கும் தராசும் இல்லை என்றால், முதலில் தராசை வாங்குங்கள்.

இந்தக் கருவியோடு நான் நம்பிச் செய்கிற கேக் ஒன்றின் அளவு சொல்கிறேன், 20 சென்டிமீட்டர் வட்ட டின்னுக்கு. மைதா 200 கிராம், ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் சமையல் சோடா, அரை டீஸ்பூன் உப்பு, இவற்றைச் சலித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பாத்திரத்தில் 2 முட்டை, 200 கிராம் சர்க்கரை, வாசனையில்லாத சமையல் எண்ணெய் 110 மில்லி, கெட்டி மோர் 180 மில்லி, வெனிலா எசன்ஸ் 2 டீஸ்பூன் ஆகியவற்றைச் சர்க்கரை ஓரளவு கரையும்வரை அடித்து, மாவைச் சேர்த்துக் கட்டியில்லாமல் கலந்தவுடன் நிறுத்திவிட வேண்டும், அதிகம் அடித்தால் மைதாவில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் இறுகி கேக் ரப்பராகும். 170 டிகிரியில் 35 நிமிடம் சுமாராக ஆகும், 28-ஆவது நிமிடத்திலிருந்து ஊசியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதம் அளவுதான், மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அந்தக் கொழுப்பும் ஆறியதும் கெட்டியாகிவிடும், அதனால் வாயில் வறண்டது போலப் படும். எண்ணெய் அறை வெப்பத்தில் திரவமாகவே இருக்கும். எண்ணெய் கேக் ஒன்றும் மட்டமான குறுக்குவழி கிடையாது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஹாரி பேக்கர் என்பவர் 1927-இல் உருவாக்கிய, பஞ்சு போல லேசான ஷிஃபான் கேக் எண்ணெயில் செய்ததுதான், அதன் ரகசியத்தை இருபது வருடம் தன்னிடமே வைத்திருந்து 1947-இல்தான் ஜெனரல் மில்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். மணத்தில் வெண்ணெய்க்கு ஈடில்லை என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். மணம் வேண்டுமென்றால் மேலே தடவும் கிரீமில் வெண்ணெயைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேக்கை எடுத்ததும் டின்னிலேயே பத்து நிமிடம் ஆறவிட்டுக் கம்பித் தட்டில் கவிழ்த்து, முழுக்க ஆறியதும் காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வையுங்கள். விழா மறுநாள் என்றால் சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் காய்ச்சி ஆறவைத்த பாகை மேலே பிரஷ்ஷால் தடவினால் இன்னும் நன்றாக இருக்கும். கிரீம் போடாத வெறும் கேக்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், அந்தக் குளிரில் ஸ்டார்ச் அறை வெப்பத்தைவிட வேகமாகக் கெட்டிப்படும். பல நாள் முன்னாடியே செய்கிறவர்கள் நன்றாகச் சுற்றி நேராக ஃபிரீசரில் போட்டுவிடலாம். பாலேடு கிரீம் தடவிய கேக்குக்கு ஃபிரிட்ஜ்தான், வேறு வழியில்லை. பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வையுங்கள்.

வாங்கினால் மடக்கும் ஊசி உள்ளதாக, தண்ணீர் பட்டால் கெடாததாகப் பாருங்கள். ஊசியைக் கழுவும்போது திரைப்பகுதிக்குள் தண்ணீர் போய்த்தான் இவற்றில் பல செத்துப்போகின்றன. சில நிமிடத்தில் தானாக அணைகிற வசதி இருந்தால் பேட்டரியும் நீண்ட நாள் வரும். தினமும் கேக் செய்து கை பழகி, ஓவனின் குணம் முழுக்கத் தெரிந்தவர்களுக்கு இது தேவைப்படாது. வருடத்துக்கு நாலைந்து பிறந்தநாளுக்கு மட்டும் ஓவனைப் பற்றவைக்கிற வீட்டுக்குத்தான் நான் இதை அழுத்திச் சொல்கிறேன்.